இரண்டு அகராதிகள் ஒன்றாகும்போது

நுழையும்முன்

சொல்லைத் தேடிப் பொருளை அறிய அகராதி உதவுகிறது. பெயரைத் தந்து தரவைப் பெறக் கணினியின் தரவமைப்பு உதவுகிறது. இரண்டும் ஒரே முறையில் இயங்குபவை. சொற்றொகுதிகளைத் திரட்டுவதும் இணைப்பதும் படியெடுப்பதும் தமிழுக்கு நெடுங்காலப் பழக்கம். அப்பழக்கத்தின் துணைகொண்டு இன்றைய நிரலாக்கத்தின் ஒரு பகுதியை முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நின்று விளக்குகிறது இப்பாடம்.

பார் என்னும் ஒரு சொல்

'பார்' என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன? வகுப்பறையில் கேட்டால் 'காண்' என்னும் ஏவல்வினை என்றோ, 'உலகம்' என்னும் பெயர்ச்சொல் என்றோ விடை வரும். தூத்துக்குடியின் மீனவர் குடியிருப்பில் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். கடலுக்கடியில் பாறை பரந்து கிடக்கும் மேடே அவர்களுக்குப் பார். மீன்கள் கூடுவதும் அங்கேதான். முத்துச்சிப்பிகள் பற்றி வளர்ந்ததும் அங்கேதான். எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று ஆய்ந்தறிந்த பின்னரே அரசு முத்துக்குளிப்பை அறிவிக்கும். அம்முத்துக்குளிப்புக்குச் 'சலாபம்' என்று பெயர். 1961-ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடிக் கரையில் பெரிய அளவிலான சலாபம் நடைபெறவில்லை. அச்சொல்லைத் தம் வாழ்வில் வழங்கியவர்கள் இன்று முதியோர்.

'தண்டல்' என்பதும் அவ்வாறே. வரி திரட்டுதல் என்பது அதன் பொதுப்பொருள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் செல்லும் தூத்துக்குடித் தோணியிலோ, தண்டல் என்பவர் அத்தோணியின் தலைவர். 'கொண்டல்' என்றால் புலவர்க்கு மேகம், கடலோடிக்குக் கீழ்க்காற்று. 'கச்சான்' இக்கரையில் மேல்காற்று. கடலைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றால் அது நிலக்கடலை.

இப்பொழுது ஒரு பணியை எண்ணிப் பாருங்கள். பொது அகராதி ஒன்று கணினியில் இருக்கிறது. கடற்கரைச் சொற்களின் அடைவு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். 'பார்' என்னும் இடத்தில் எந்தப் பொருள் நிற்கும்? எந்தப் பொருள் மறையும்? நிரல் எழுதுவோர் நாள்தோறும் சந்திக்கும் வினா இது. அகராதி தொகுத்தோர் கணினிக்கு முன்பே சந்தித்த வினாவும் இதுவே.

திறவுகோலும் மதிப்பும்

நம் முன்னோர் சொற்பொருளை நிகண்டுகளில் தொகுத்தனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்வதற்கு உரியவை. ஒரு சொல்லின் பொருளை அறிய வேண்டுமாயின், அச்சொல் இடம்பெற்ற செய்யுள் நினைவில் இருந்தாக வேண்டும். 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி இந்நிலையை மாற்றியது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் தங்கித் தொண்டாற்றியவர் அவர். அவருடைய நூல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளை உடையது. சொற்கள் அகரவரிசையில் நிற்பவை. பெயரகராதி ஒரு சொல்லைத் தந்தால் அதன் பல பொருள்களைக் கூறும். பொருளகராதி ஒரு பொருளைத் தந்தால் அதற்குரிய பல சொற்களைக் கூறும். ஒரே செல்வத்தை இருபுறத்திலிருந்தும் திறக்க இரண்டு வாயில்களை அமைத்துவிட்டார் எனலாம்.

கணினி நிரலாக்கத்தில் இவ்வமைப்பைத் திறவுகோல்–மதிப்பு இணைகளின் தொகுதி என்பர். தேடுவதற்குத் தருவது திறவுகோல், கிடைப்பது மதிப்பு. பைத்தான் மொழியில் இத்தொகுதிக்கு 'டிக்ட்' என்று பெயர். அகராதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அது. இவ்வமைப்பு அகரவரிசையைச் சார்ந்து நிற்பதில்லை. திறவுகோலின் எழுத்துகளைக் கொண்டு கணினி ஒரு கணக்கீட்டைச் செய்து, உரிய மதிப்பு நினைவகத்தில் இருக்கும் இடத்தை நேரே கண்டறிகிறது. அதனால் தொகுதியில் நூறு சொற்கள் இருந்தாலும் நூறாயிரம் சொற்கள் இருந்தாலும் தேடும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. இவ்விரைவுக்கு ஈடாக ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு திறவுகோல் ஒரு முறைதான் இடம்பெற முடியும், ஒரு திறவுகோலுக்கு ஒரு மதிப்புதான் இருக்க முடியும்.

மூன்றும் மூன்றும் நான்கு

பைத்தானின் மூன்றாம் பதிப்பு தமிழெழுத்துகளாலான பெயர்களையும் ஏற்கும். ஆதலால் நம் எடுத்துக்காட்டைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம்.

பொது = {'பார்': 'உலகம்', 'தண்டல்': 'வரி திரட்டுதல்', 'பரவை': 'கடல்'}

கடல் = {'பார்': 'கடலடிப் பாறைத்திட்டு', 'தண்டல்': 'தோணித் தலைவர்', 'சலாபம்': 'முத்துக்குளிப்பு'}

புதியது = பொது | கடல்

மூன்றாம் வரியில் நடுவே நிற்கும் நேர்கோடு இணைப்புக்குறி. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான 3.9 பதிப்பிலிருந்து அது வழக்கில் உள்ளது. அதற்கு முன்னரும் 'அப்டேட்' முதலிய வழிகளால் இப்பணியைச் செய்தனர். 'புதியது' என்னும் தொகுதியில் எத்தனைச் சொற்கள் இருக்கும்? மூன்றும் மூன்றும் ஆறு என்பது கணக்கு. இங்கே கிடைப்பவை நான்கு: பார், தண்டல், பரவை, சலாபம். 'பார்' என்பதன் மதிப்பு இப்பொழுது கடலடிப் பாறைத்திட்டு மட்டுமே, உலகம் மறைந்துவிட்டது. தண்டலுக்கு வரியோடு இருந்த உறவும் அறுந்துவிட்டது. வரிசையை மாற்றி, 'கடல் | பொது' என்று எழுதினால் உலகம் திரும்பும், பாறைத்திட்டு மறையும். பின்னால் வந்தது முன்னால் இருந்ததை மேவும் என்பதே இங்குள்ள விதி.

இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. மதிப்பு மாறினாலும் திறவுகோல் தான் முதலில் நின்ற இடத்திலேயே நிற்கும். அதாவது, இணைத்த தொகுதியைத் திறந்து பார்த்தால் 'பார்' பழைய இடத்திலேயே முதலாவதாக இருக்கும். தலைச்சொற்களின் மேல் மட்டும் கண்ணோட்டுபவர்க்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. பிழைச்செய்தியும் வராது. கணினியைப் பொறுத்தவரை பிழை ஏதும் நிகழவில்லை. சொன்னதை அது செய்திருக்கிறது. விலைப்பட்டியலைப் புதுப்பிக்கும் வணிகர்க்கு இவ்விதி மிகவும் ஏற்றது; நேற்றைய விலை அவர்க்குத் தேவையில்லை. சொற்களுக்கு அவ்விதி பொருந்தாது. புதிய பொருள் வந்ததனால் பழைய பொருள் காலாவதி ஆவதில்லை.

இணைப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது எளிய காப்பு. ஆறு நான்கானால், அக்குறைந்த இரண்டு எவை என்று கேட்க வேண்டும். இரு தொகுதிகளுக்கும் பொதுவான திறவுகோல்களை இணைப்பதற்கு முன்பே தனியே பிரித்தெடுத்துக் காட்டும்படி நிரலைப் பணிக்கவும் முடியும். மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை அப்பட்டியலில் உள்ளவை மட்டுமே. எஞ்சியவற்றைக் கணினியிடம் விட்டுவிடலாம்.

இதற்கு நேர்மாறான இடர் ஒன்றும் தமிழுக்கு உண்டு. 'கொண்டல்' என்னும் சொல்லின் முதலெழுத்தான 'கொ'வைக் கணினியில் இருவகையாகக் குறியேற்றலாம். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் இரு குறிகளாக அடுத்தடுத்து இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். யுனிகோடு தரம் இரண்டையும் நிகரானவை என்றே கொள்கிறது. ஆயினும் திறவுகோலாக வரும்போது, குறிகளின் தொடரையே ஒப்பிடும் கணினிக்கு அவை வெவ்வேறு. விளைவாக, இணைத்த அகராதியில் இரண்டு 'கொண்டல்' நிற்கும். ஒன்றைத் தேடுபவர்க்கு மற்றொன்று அகப்படாது. ஆகவே, இணைப்பதற்கு முன் எல்லாச் சொற்களையும் ஒரே குறியேற்ற வடிவத்துக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது.

பேரகராதி காட்டிய வழி

இச்சிக்கலைத் தமிழகராதியாளர் எவ்வாறு தீர்த்தனர் என்பது அறியத்தக்கது. 1862-இல் வெளியான வின்சுலோ அகராதி ஒருவர் உழைப்பால் மட்டும் உருவானதன்று. யாழ்ப்பாணத்தில் நைட் என்பவர் திரட்டத் தொடங்கிய சொற்றொகுதி, அவர் மறைவுக்குப் பின் பலர் கைமாறி வளர்ந்து வின்சுலோவிடம் நிறைவெய்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அதனையும் உள்வாங்கிக்கொண்டது. 1913-இல் சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய பணி, 1926 முதல் எஸ். வையாபுரிப்பிள்ளையின் பொறுப்பில் தொடர்ந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன.

நிகண்டுகள், முந்தைய அகராதிகள், உரைநூல்கள், வட்டார வழக்குகள் எனப் பல ஊற்றுகளிலிருந்து வந்த சொற்கள் அங்கே ஒன்றுசேர்ந்தன. மோதல் நேர்ந்த இடங்களில் பதிப்பாசிரியர்கள் மூன்று உத்திகளைக் கையாண்டனர். எழுத்தால் ஒன்றாயினும் பிறப்பால் வேறான சொற்களுக்குத் தலைச்சொல்லின் மேல் சிற்றெண் இட்டு வேறுபடுத்தினர். ஒரு திறவுகோலை இரண்டாக்கினர் என்று இதனைக் கூறலாம். ஒரு சொல்லுக்கே பல பொருள் இருந்தால் அவற்றை எண்ணிட்டு அடுக்கினர். ஒற்றை மதிப்புக்கு மாற்றாக மதிப்புகளின் பட்டியலை வைத்தனர் என்று இதனைக் கூறலாம்.

மூன்றாவது உத்தியே எல்லாவற்றினும் சிறந்தது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. எப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் அழிக்கவில்லை. வின்சுலோவிடமிருந்து பெற்ற பொருளுக்கு அவர் பெயரின் முதலெழுத்தை அடையாளமாக இட்டனர். யாழ்ப்பாண வழக்குக்கு ஓர் அடையாளம். திருநெல்வேலி வழக்குக்கு ஓர் அடையாளம். அன்று தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 20-இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. எனவே, பேரகராதியில் திருநெல்வேலி வழக்கு என்னும் குறியைக் காணும் மாணவர், அது தூத்துக்குடிக் கடற்கரையையும் தழுவியிருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அடையாளக் குறியும் ஒரு தரவே; அதற்கும் காலம் உண்டு.

1939-இல் பேரகராதிக்குப் பிற்சேர்க்கைத் தொகுதி வெளியாயிற்று. அச்சான ஆறு தொகுதிகளுக்குள் புதுச்சொற்களைச் செருக இயலாது. அதனால் படிப்பவர் முதலில் ஒன்றைப் பார்த்து, பின்னர் மற்றொன்றைப் பார்க்க வேண்டியதாயிற்று. நிரலாக்கத்திலும் இம்முறை உண்டு. இரண்டு தொகுதிகளையும் கலக்காமல் அடுக்காக வைத்து, முதல் அடுக்கில் கிடைக்காததை அடுத்த அடுக்கில் தேடச் செய்யலாம். பைத்தானில் இதற்குச் 'செயின்மேப்' என்று பெயர். இரண்டிலும் உள்ள சொல்லுக்கு முதல் அடுக்கின் பொருளே கிடைக்கும். எனினும் அடுத்த அடுக்கின் பொருள் அழிவதில்லை. விரும்பும்போது அதனையும் எட்டலாம்.

திறவுகோலைத் தேர்தல்

சொல்லில் நேரும் மோதல் பொருளை மறைக்கும். மனிதர் பெயரில் நேரும் மோதல் மனிதரையே மறைத்துவிடும். பதினாறாம் நூற்றாண்டு முதல் முத்துக்குளித்துறைக் குடும்பங்களில் பர்னாந்து, மச்சாது, மோத்தா, வாஸ் போன்ற போர்த்துகீசியப் பெயர்கள் வழங்கி வருகின்றன. திருமுழுக்குப் பெயர்களும் திரும்பத் திரும்ப வருபவை. ஓர் ஊரில் ஒரே முழுப்பெயருடையோர் பலர் இருப்பது அங்கே வியப்பன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; அக்காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்குகிறது. இரண்டு ஊர்களின் பயனாளர் பட்டியல்களைப் பெயரையே திறவுகோலாகக் கொண்டு ஒருவர் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே பெயருடைய இருவருள் முன்னவர் மறைவார், பின்னவர் நிற்பார். கணினி எச்சரிக்காது. மறைந்தவர் வரிசையில் நின்று தம் பெயரைச் சொன்னாலும், "பெயர் இருக்கிறது, வழங்கியாயிற்று" என்றே விடை வரும். பட்டியலில் பெயர் இல்லாதவர் முறையிடலாம். பெயர் இருந்தும் தாம் இல்லாதவர் எதைச் சொல்லி முறையிடுவார்?

ஆகவே திறவுகோல் தனித்தன்மை உடையதாக இருத்தல் வேண்டும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு துறைமுகத்திலேயே இருக்கிறது. கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சரக்குப் பெட்டகத்தின் மேலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு எண்களும் எழுதப்பட்டிருக்கும். எழுத்துகள் உடைமையாளரையும் பெட்டகத்தின் வகையையும் சுட்டும். அடுத்த ஆறு எண்கள் அப்பெட்டகத்துக்கே உரிய தொடரெண். ஏழாவது எண் சரிபார்ப்பெண். முன்னுள்ள பத்துக் குறிகளையும் கொண்டு கணக்கிட்டுப் பெறப்படுவது அது. எழுதுபவர் ஓர் எண்ணைப் பிழையாக எழுதினால் கணக்கு ஒத்துவராமல் பிழை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். உலகின் எத்துறைமுகத்துப் பட்டியலோடு இணைத்தாலும் இரண்டு பெட்டகங்கள் ஒன்றாகிவிடா.

தூத்துக்குடித் துறைமுகமே ஓர் இணைப்பின் விளைவுதான். பழைய சிறு துறைமுகமும் புதிதாகக் கட்டப்பட்ட பெருந்துறைமுகமும் 1979-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-இல் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. இத்தகைய இணைப்பில், இரண்டு அலுவலகங்களும் தத்தம் பேரேடுகளை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தால், கோப்பு எண் ஐந்து என்பது இரண்டு கோப்புகளைக் குறிக்கும். எண்ணுக்கு முன் இடத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் மோதல் நீங்கும். பேரகராதி இட்ட வட்டார அடையாளமும் இதுவும் ஒரே உத்தியின் இரு வடிவங்கள்.

படியும் நிழலும்

இணைப்பதற்கு முன் மூலத்தைப் படியெடுத்து வைப்பது நிரலாளர் வழக்கம். ஆனால் படி என்று நாம் நினைப்பதெல்லாம் படி அன்று. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதனால் துறைமுகங்கள் இரண்டாகிவிடவில்லை. ஒரே துறைமுகத்துக்கு இரு பெயர். நிரலில் 'கையேடு = கடல்' என்று எழுதுவதும் பெயர் சூட்டுவதே. கையேட்டில் ஒரு சொல்லை நீக்கினால் கடலிலும் அது நீங்கும்.

'காப்பி' என்னும் கட்டளை மெய்யாகவே புதிய தொகுதியை உண்டாக்குகிறது. அதிலும் ஓர் எல்லை உண்டு. நம் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள்களின் பட்டியல் இருப்பதாகக் கொள்வோம். 'காப்பி' தலைச்சொற்களைப் புதிதாக அடுக்கும். பட்டியல்களைப் புதிதாக எழுதாது. பழைய பட்டியல்கள் இருக்கும் இடத்தை மட்டும் சுட்டும். அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே பொருள் எழுதாமல், 'காண்க' என்று மற்றொரு பக்கத்தைச் சுட்டுவது போன்றது இது. இரண்டு அகராதிகளும் ஒரே பக்கத்தைச் சுட்டினால், அப்பக்கத்தில் ஒருவர் அடித்தெழுதியது இரண்டிலும் தெரியும். இதனை மேலோட்டப் படி என்பர். உள்ளிருக்கும் பட்டியல்களையும் ஒவ்வொன்றாக எழுதி முடிப்பது ஆழ்படி, பைத்தானில் 'டீப்காப்பி'. அதற்கு நேரமும் நினைவகமும் மிகுதியாக வேண்டும். பதிலாக, மூலத்துக்கு எது நேர்ந்தாலும் ஆழ்படிக்குத் தீங்கில்லை.

ஓலைச்சுவடியைப் படியெடுத்த நம் முன்னோர் ஆழ்படியையே செய்தனர். ஒவ்வோர் எழுத்தும் புதிய ஓலையில் புதிதாகக் கீறப்பட்டது. மூலச்சுவடியைச் செல்லரித்தாலும் படி பிழைத்தது. படியெடுத்தவர் செய்த பிழை மூலத்தைத் தாக்கவில்லை. அப்பிழை அடுத்தடுத்த படிகளில் தொடர்ந்தது என்பது வேறு செய்தி.

தெரிந்து தெளிவோம்

அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தமிழ் அகராதிகளுள் முதலில் அச்சேறியது அது. காலப்போக்கில் தமிழறிஞர் கண்ணில் படாமலே போன அந்நூலின் படி ஒன்று உரோமையின் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய தனிநாயகம் அடிகள் அதனைக் கண்டறிந்து, 1966-இல் கோலாலம்பூரில் நிழற்படப் பதிப்பாக வெளிவரச் செய்தார். ஒரு படி ஓரிடத்தில் தங்கியிருந்தமையால் ஒரு நூல் நமக்கு மீண்டது.

கடற்கரையின் அடைவு

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். இப்பொழுது அதனைத் திருத்தி எழுதலாம். 'பார்' என்னும் திறவுகோலுக்கு ஒரு பட்டியல். அப்பட்டியலில் 'உலகம் – பொது' என ஓர் உறுப்பு. 'கடலடிப் பாறைத்திட்டு – தூத்துக்குடி' என மற்றோர் உறுப்பு. 'கச்சான்' என்பதற்கு 'மேல்காற்று – தூத்துக்குடி', 'நிலக்கடலை – யாழ்ப்பாணம்'. இணைக்கும் நிரல், திறவுகோல் முன்பே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் பழைய பட்டியலின் இறுதியில் புதிய பொருளைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் புதிய பட்டியலைத் தொடங்க வேண்டும். நேர்கோடு ஒன்றால் முடிந்த பணிக்கு இப்பொழுது நான்கைந்து வரிகள் தேவைப்படும். தொடங்குமுன் இரண்டு மூலங்களுக்கும் ஆழ்படி எடுத்துக்கொள்ள வேண்டும்.

காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலையின் உறுப்புகளுக்கும் படகின் பகுதிகளுக்கும் இக்கரையில் வழங்கும் சொற்கள் பல இன்னும் எந்த அடைவிலும் ஏறாதவை. அவற்றைக் கேட்டெழுதும் மாணவர், சொன்னவரின் ஊரையும் தொழிலையும் கேட்ட நாளையும் அருகே குறித்துக்கொள்ளட்டும். பொது அகராதியில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதைக் கண்டு, தாம் கேட்டது தவறென்று அடித்துவிட வேண்டா.

கற்பவை கற்றபின்

'மடி', 'வள்ளம்', 'வாடை' ஆகிய சொற்களுக்குப் பேரகராதி தரும் பொருள்களையும் உங்கள் ஊரில் வழங்கும் பொருள்களையும் திரட்டி, ஊர் அடையாளத்துடன் பட்டியலாக எழுதுக.

உங்கள் வகுப்பு மாணவர் பெயர்ப்பட்டியலையும் அடுத்த வகுப்பின் பட்டியலையும் பெயரைத் திறவுகோலாகக் கொண்டு இணைத்தால் எத்தனை பேர் மறைவர் என்று எண்ணிப் பார்த்து, அவ்விழப்பைத் தவிர்க்கும் திறவுகோல் ஒன்றை அமைத்துக் காட்டுக.